வெட் பைப் ஸ்பிரிங்ளர்: ஹெட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, ஆண்டுப் பராமரிப்புக்கு இரண்டரை

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். அலாரம் கத்தும், ஆனால் அணைக்காது. எக்ஸ்டிங்குஷருக்கு ஓர் ஆள் கை வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும், நள்ளிரவிலும், தீ ஒரு மேசை அளவில் இருக்கும்போதே அதன்மேல் தண்ணீர் ஊற்றும் சாதனம் ஸ்பிரிங்ளர் ஒன்றுதான். வாங்கலாமா என்று கேட்டால் தயங்காமல் வாங்குங்கள் என்போம். எதை வாங்குவது, அதைவிட முக்கியமாக, வாங்கியதை யார் பொறுப்பில் விடுவது என்பதில்தான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

இங்கே மதிப்பிடுவது மிகப் பரவலாக இருக்கும் அமைப்பை: குழாய் முழுக்க எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும் வெட் பைப், கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் கண்ணாடி பல்பு முனை (ஹெட்), கருப்பு இரும்புக் குழாய், தண்ணீர் ஓடினால் மணி அடிக்கும் ஒரு அலாரம் வால்வு, பம்ப் செட். கூடவே இதோடு ஒட்டிக்கொண்டு விற்கப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும்.

அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ) 2015 முதல் 2019 வரையான தீ விபத்துகளைத் தொகுத்திருக்கிறது. ஸ்பிரிங்ளரை இயக்கும் அளவுக்கு வளர்ந்த தீக்களில் 92 சதவீதத்தில் அது இயங்கியது. இயங்கியவற்றில் 97 சதவீதத்தில் தீயைக் கட்டுப்படுத்தியது. இயங்காமல் போனவற்றில் பாதிக்கும் மேல் ஒரே காரணம்: தீப்பிடிப்பதற்கு முன்பே யாரோ தண்ணீரை மூடி வைத்திருந்தார்கள். ஹெட் பழுதானதால் இயங்காதவை மிகக் கொஞ்சம். அதனால் இந்த மதிப்புரையும் ஹெட்டைவிட வால்வுக்கும் காகிதத்துக்கும்தான் அதிக இடம் தருகிறது.

ஹெட்

ஒரு ஹெட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடுவில் சின்னக் கண்ணாடிக் குமிழ், உள்ளே நிறம் கலந்த திரவம், அதில் ஒரு சிறு காற்றுக் குமிழி. சாய்த்தால் நீர்மட்டம் பார்க்கும் கருவியில் ஓடுவதைப் போல அந்தக் குமிழி ஓடும். சூடு ஏறும்போது திரவம் விரிந்து குமிழி சுருங்கி மறையும். அதற்கு மேலும் விரிய இடமில்லாதபோது கண்ணாடி வெடிக்கும், பின்னால் இருக்கும் மூடியைத் தண்ணீர் தள்ளிவிடும், டிஃப்ளெக்டர் தட்டில் மோதிக் குடைபோல விரியும். மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, மென்பொருள் இல்லை. புகைக்கு இது அசையாது. ஒரு ஹெட் வெடித்தால் பக்கத்து ஹெட்டும் வெடிக்காது. சினிமாவில் ஒரு தீக்குச்சியைக் காட்டியதும் மாடி முழுக்க மழை பெய்வதைப் பார்த்துப் பயந்து ஸ்பிரிங்ளரே வேண்டாம் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிஜத்தில் பெரும்பாலான தீக்களில் ஒன்றிரண்டு ஹெட் திறந்ததோடு வேலை முடிந்துவிடுகிறது.

அந்தக் குமிழி வாங்கும்போதும் பயன்படும். பல்பில் திரவம் குறைந்தோ வெறுமையாகவோ இருந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே கசிந்துவிட்டது என்று பொருள். கீழே விழுந்த ஹெட்டில் இது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்ட ஹெட் தேவையான சூட்டில் வெடிக்காது, குப்பையில் போட வேண்டியதுதான். பல்பைச் சுற்றி வரும் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் காப்பை மாட்டி முடிக்கும்வரை கழற்றக் கூடாது. மாட்டி முடித்து, அமைப்பை இயக்கத்துக்குக் கொண்டுவருவதற்கு முன் கழற்ற மறக்கவும் கூடாது. மறந்த கட்டடங்கள் ஏராளம். பரிசோதனையில் கண்டுபிடிக்க மிக எளிதான, மிக மோசமான குறை இது.

பல்பின் நிறம் வெப்பநிலையைச் சொல்லும். ஆரஞ்சு 57 டிகிரி செல்சியஸ், சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141, ஊதா 182. கூரையருகே சூடு 38 டிகிரியைத் தாண்டாத இடத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு. 66 வரை போகும் இடத்துக்கு மஞ்சள் அல்லது பச்சை. தகரக் கூரைக்கு அடியில், அடுப்புக்கு மேலே, வெயில் விழும் கண்ணாடிக் கூரைக்குக் கீழே சிவப்பை மாட்டிவிட்டு, கோடையில் தானாக வெடித்ததும் கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லை. அது தேர்வு செய்தவரின் தவறு.

பல்பின் பருமனும் பேசும். 5 மி.மீ. என்றால் சாதாரண வேகம், 3 மி.மீ. என்றால் விரைவு வகை. அலுவலகம், விடுதி, மருத்துவமனை போல மனிதர் தங்கும் இடங்களுக்கு விரைவு வகைதான் வேண்டும். ஒரே அறைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள். தீக்கு நேர்மேலே மெதுவான ஹெட் தூங்கிக்கொண்டிருக்க, தள்ளி இருக்கும் வேகமானது முதலில் திறந்து, தண்ணீர் போய்ச் சேர வேண்டாத இடத்தில் விழும்.

அடுத்து கே எண், அதாவது ஹெட்டின் துளை எவ்வளவு தண்ணீர் விடும் என்பதைச் சொல்லும் எண். அளவு கணக்கிடும் சூத்திரம் எளிது: நிமிடத்துக்கு வரும் லிட்டர் என்பது கே எண்ணைப் பார் அலகிலான அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைப்பது. கே 80 ஹெட்டில் 1 பார் அழுத்தம் இருந்தால் நிமிடத்துக்கு 80 லிட்டர், அரை பார் என்றால் சுமார் 57. மாற்று ஹெட் வாங்கும்போது நிறம் மட்டும் பார்த்து கே 80 இருந்த இடத்தில் கே 115 மாட்டிவிடுவது நடக்கிறது. அந்த ஒரு ஹெட் அதிகத் தண்ணீரைக் குடிக்கும், மற்றவற்றுக்கு அழுத்தம் விழும், தண்ணீர் ஓட்டத்துக்குப் போட்ட ஹைட்ராலிக் கணக்கு முழுவதும் பாழ்.

மாட்டும்போது அரை அங்குல மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி, அந்த ஹெட்டுக்கே உரிய ஸ்பானரால் முடுக்க வேண்டும். கே 80 அரை அங்குல ஹெட்டுக்கு 9.5 முதல் 19 நியூட்டன் மீட்டர் போதும். பைப் ரெஞ்சை எடுத்து ஃபிரேமைப் பிடித்துத் திருப்பினால் மூடி உட்காரும் இடம் வளைந்துவிடும். இன்று கசியாது, ஆறு மாதம் கழித்துச் சொட்டும். மாட்டிய ஹெட்டைக் கழற்றினால் திரும்ப மாட்டாதீர்கள், புதிது போடுங்கள்.

பெயின்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கம்பெனியில் பூசப்பட்ட நிறம் தவிர ஹெட்டில் ஒரு துளி பெயின்ட் பட்டாலும் அதைச் சுரண்டக் கூடாது, மாற்ற வேண்டும். பெயின்ட் சூட்டைத் தடுக்கும், மூடியை ஒட்டவைக்கும், சுரண்டினால் பல்பு அடிபடும். மறைவு வகை ஹெட் அழகாக இருக்கிறது என்று விரும்பிக் கேட்கிறார்கள். அதன் வட்டத் தகட்டைப் பிடித்திருப்பது வழக்கமாக 57 டிகிரியில் உருகும் ஈயப்பற்று. தகடு விழுந்த பிறகுதான் உள்ளே இருக்கும் ஹெட் வெளிப்படும். பெயின்டர் வந்து தகட்டையும் சுற்றியுள்ள இடுக்கையும் சேர்த்துப் பூசிவிட்டால், அல்லது அழகுக்காக இடுக்கில் சிலிக்கான் அடைத்துவிட்டால், அது கூரையில் ஒட்டிய வெறும் அலங்காரத் தகடு. வண்ணப் பூச்சு வேலை அடிக்கடி நடக்கும் கட்டடங்களுக்கு மறைவு வகையைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஹெட்டுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்தாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 1998-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒமேகா என்ற பெயரில் விற்கப்பட்ட ஹெட்கள் சுமார் 80 லட்சத்தையும், 2001-இல் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்த ஹெட்கள் சுமார் 3.5 கோடியையும் திரும்பப் பெறும் திட்டங்களை அறிவித்தது. இரண்டாவது வகையில் காலப்போக்கில் அரிப்பும் உப்பும் சேர்ந்து ஓ-ரிங்கை ஒட்டவைத்து, பல்பு உடைந்தாலும் தண்ணீர் வராமல் போகலாம் என்பதே காரணம். தயாரிப்பாளர் பொறுப்பு என்பதற்கு இந்தத் துறையில் இதைவிடப் பெரிய உதாரணம் இல்லை. ஆனால் அந்தப் பொறுப்பை உரிமையாளர் பயன்படுத்திக்கொள்ள, கூரையில் இருப்பது எந்த மாடல் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஃப்ளெக்டரிலோ ஃபிரேமிலோ தயாரிப்பு ஆண்டும் அடையாள எண்ணும் பொறித்திருக்கும். ஒப்படைப்புக் கோப்பில் அந்த எண்களின் பட்டியல் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் இடம்

இதில் சுருக்கமாகச் சொல்லலாம். கூரைக்கும் டிஃப்ளெக்டருக்கும் இடையே 25 முதல் 300 மி.மீ. அதைவிடக் கீழே தொங்கினால் சூடான காற்று அதற்கு மேலேயே பரவிப் போய்விடும், பல்பு வெடிக்கத் தாமதமாகும். தீ அபாயம் நடுத்தரமாக உள்ள ‘சாதாரண அபாய’ வகைக் கட்டடத்தில் ஒரு ஹெட்டுக்கு அதிகபட்சம் சுமார் 12 சதுர மீட்டர். இரண்டு ஹெட்டுக்கு நடுவே 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது, குறைந்தால் ஒன்றின் சாரல் மற்றதைக் குளிர்வித்துவிடும். டிஃப்ளெக்டருக்குக் கீழே 457 மி.மீ., அதாவது 18 அங்குலம், காலியாக இருக்க வேண்டும். கிடங்குகளில் முதலில் மீறப்படும் விதி இதுதான். 1.2 மீட்டரைவிட அகலமான ஏ.சி. டக்ட் போனால் அதன் அடியிலும் ஹெட் வேண்டும்.

இவையெல்லாம் முதல் நாளில் சரியாகத்தான் இருக்கும். கெடுவது பிறகு. வாடகைக்கு வந்தவர் ஒரு தடுப்புச் சுவர் எழுப்புவார், ஒரு பக்கம் இரண்டு ஹெட், மறுபக்கம் ஒன்றுமில்லை. அலுவலகமாக இருந்த மாடி மெத்தை, பஞ்சு, நுரைப்பொருள் அடுக்கும் கிடங்காக மாறும். அலுவலகத்துக்கு ஸ்பிரிங்ளர் வடிவமைப்பு விதியான என்.எஃப்.பி.ஏ 13 கேட்பது 139 சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 4.1 மி.மீ. தண்ணீர், அதாவது சதுர மீட்டருக்கு 4.1 லிட்டர். உயர அடுக்கிய நுரைப்பொருளுக்கு அது கொஞ்சமும் போதாது. ஹெட் திறக்கும், தண்ணீர் வரும், தீ அதைப் பொருட்படுத்தாமல் வளரும். பொருத்திய கான்ட்ராக்டரை அப்போது குற்றம் சொல்ல முடியாது. பயன்பாட்டை மாற்றியவரும் அதற்கு இடம் கொடுத்த உரிமையாளரும்தான் பதில் சொல்ல வேண்டும்.

குழாய்: மூன்றரை

கருப்பு இரும்புக் குழாய் மலிவு, உறுதி, எந்த ஃபிட்டருக்கும் தெரிந்தது. குறை துரு. தண்ணீர் தேங்கி நிற்பது மட்டும் குழாயைப் பெரிதாக அரிக்காது. மேல் பகுதியில் மாட்டிக்கொண்ட காற்றுப் பையில் உள்ள ஆக்சிஜன்தான் தண்ணீரின் விளிம்பில் குழாயைத் தின்னும். ஒவ்வொரு முறை காலி செய்து நிரப்பும்போதும் புது ஆக்சிஜனை உள்ளே அனுப்புகிறோம். அதனால் உயரமான முனையில் காற்றுப்போக்கி வைத்த அமைப்பு நீண்ட நாள் உழைக்கும். காரணமில்லாமல் அடிக்கடி காலி செய்யும் பராமரிப்பாளர் அந்த ஆயுளைக் குறைக்கிறார். குழாயைக் காலி செய்யும் டிரெய்ன் வால்வில் வரும் தண்ணீர் முதல் சில விநாடி கருப்பாக வருவது இயல்பு. சிவந்த செதில்களோ கட்டியோ வந்தால் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். எப்படியும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உட்புறச் சோதனை உண்டு.

சி.பி.வி.சி என்ற பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது, வேலை சத்தமில்லாமல் நடக்கும். ஆனால் அதற்கு எண்ணெய் ஆகாது. இரும்புக் குழாயில் மரை போட்ட கட்டிங் ஆயில், சில வகை ஸ்பிரே ஃபோம், ஒவ்வாத ரப்பர், ஒயர் உறை, இவை பட்டால் மாதங்கள் கழித்து மயிரிழை விரிசல் விடும். பசை காயும் நேரத்தைக் குறைத்து அழுத்தம் கொடுத்தால் இணைப்பு பிய்த்துக்கொள்ளும். எதுவானாலும் ஒப்படைப்புக்கு முன் 13.8 பார் அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்த சோதனைச் சான்று வேண்டும். அதில் உங்கள் ஆள் ஒருவர் அழுத்தம் காட்டும் கேஜ் பக்கத்தில் நின்று கையெழுத்திட்டிருப்பது நல்லது.

வால்வும் பம்பும்: இங்கேதான் உயிர்

வால்வு ஏன் மூடப்படுகிறது? கசிவு சரிசெய்ய, வெல்டிங் நடக்க, ஃபால்ஸ் சீலிங் மாற்ற, புது ஹெட் சேர்க்க. வேலை சாயங்காலம் முடியும், மூடியவர் போய்விடுவார், திறக்க வேண்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. மேலே ஏறும் முதன்மைக் குழாய் இருக்கும் ரைசர் அறையில் கேஜைப் பார்த்தால் 7 பார் காட்டும். எல்லாம் சரி என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள்.

அந்தக் கேஜ்தான் ஏமாற்றுகிறது. வெட் பைப்பில் கீழே வால்வை மூடினாலும் அதற்கு மேலே உள்ள தண்ணீர் அலாரம் வால்வின் மடலுக்குப் பின்னால் அழுத்தத்தோடு சிறைப்பட்டு நிற்கும். முள் அசையாது. முதல் ஹெட் திறந்ததும் சில விநாடியில் அந்த அழுத்தம் விழுந்து, குழாய் சொட்டு சொட்டாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மெயின் டிரெய்ன் சோதனை இருக்கிறது. அலாரம் போகுமிடத்துக்கெல்லாம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, நிலை அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. டிரெய்ன் வால்வை முழுக்கத் திறந்து, முள் நடுங்குவது நின்று நிலைப்படும்வரை காத்திருந்து, ஓடும்போதைய அழுத்தத்தைக் குறியுங்கள். மெதுவாக மூடி, முள் பழைய இடத்துக்கு எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பாருங்கள். அமைப்பு ஒப்படைக்கப்பட்ட நாளில் 7-லிருந்து 5.5-க்கு இறங்கியது இன்று 4.5-க்கு இறங்கினால், வழியில் ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது, அல்லது குழாய் அடைத்திருக்கிறது. பத்து சதவீதத்துக்கு மேல் சரிவு இருந்தால் காரணம் தேடியாக வேண்டும். முள் நொண்டி நொண்டி ஏறினாலும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். வால்வை மூடித் திறந்த ஒவ்வொரு முறையும் கட்டாயம். இந்த இரண்டாவதைச் செய்பவர்கள் குறைவு. செய்தால் மூடிய வால்வால் ஸ்பிரிங்ளர் இயங்காமல் போவது பெருமளவு குறையும்.

ரைசரில் செய்யும் டிரெய்ன் சோதனை, ஒன்பதாம் மாடியில் மூடிக் கிடக்கும் மாடி வால்வைக் காட்டாது என்பதையும் மனதில் வையுங்கள். அதற்கு அந்த மாடியின் கடைக்கோடியில் உள்ள சோதனைக் குழாயைத் திறக்க வேண்டும். அதன் துளை ஒரு ஹெட்டின் அளவுதான் இருக்கும். தண்ணீர் தடையின்றி ஓட வேண்டும், தண்ணீர் ஓட்டத்தை உணரும் ஃப்ளோ சுவிட்ச் 90 விநாடிக்குள் அலாரம் அடிக்க வேண்டும்.

வால்வு வாங்கும்போது தண்டு வெளியே உயரும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் திறந்திருக்கிறது, தொலைவிலிருந்தே தெரியும். பட்டர்ஃபிளை வால்வின் சுட்டி உள்ளே தண்டு உடைந்தாலும் திறந்த நிலையைக் காட்டிக்கொண்டே இருக்கும். எந்த வகையானாலும் சங்கிலியும் பூட்டும், முடிந்தால் மூடினால் சத்தமிடும் டேம்பர் சுவிட்சும். வெறும் சீல் வைத்த வால்வை வாரம் ஒருமுறை, பூட்டியதை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அழுத்தம் குறைக்கும் வால்வு உள்ள உயர்மாடிகளுக்கு 1991-இல் பிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசாவில் நடந்தது பாடம். 22-ஆம் மாடியில் பிடித்த தீயோடு போராடிய வீரர்களுக்கு ஹோஸ் குழாயில் போதிய அழுத்தம் கிடைக்கவில்லை, அந்த வால்வுகள் தவறாக அமைக்கப்பட்டிருந்தன. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மாடி மாடியாக ஏறிய தீ 30-ஆம் மாடியில் நின்றது. அங்கே வாடகைதாரர் போட்டிருந்த ஸ்பிரிங்ளரில் பத்து ஹெட் திறந்தது, அவ்வளவுதான்.

பம்புக்கு வருவோம். எவ்வளவு தண்ணீர் வேண்டும்? சாதாரண அபாய வகையின் முதல் பிரிவுக்கு 139 சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 6.1 மி.மீ. என்றால் 848 லிட்டர். தீயணைப்பு வீரர்களின் ஹோஸ் குழாய்க்கு 946 லிட்டர் சேர்த்தால் நிமிடத்துக்கு 1,794. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 8 ஆயிரம் லிட்டர். இந்தக் கணக்குத் தாளைக் காட்டாமல் தொட்டி அளவு சொல்லும் ஒப்பந்தக்காரரை நம்பாதீர்கள். அதே தொட்டியிலிருந்து தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் குழாய் எடுத்திருந்தால், தீயணைப்புக்கான மட்டத்துக்கு மேலிருந்துதான் அது போக வேண்டும்.

பம்ப் அறையில் பார்க்க வேண்டிய முதல் பொருள் கன்ட்ரோல் பேனலின் சுவிட்ச். அது ஆட்டோவில் இருக்கிறதா? குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடித் தொல்லை தருகிறது என்று மேனுவலுக்குத் திருப்பிவிட்டு மறந்துபோவது, மூடிய வால்வுக்கு அடுத்த பெரிய வியாதி. ஜாக்கி அடிக்கடி ஓடினால் எங்கோ கசிகிறது, கசிவைத் தேடுவதுதான் மருந்து. டீசல் பம்பை வாரம் ஒருமுறை 30 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் எஞ்சின் முழுச் சூட்டுக்கே வராது, பழுது தெரியாது. மின் பம்பு பொதுவாக மாதம் ஒருமுறை 10 நிமிடம். ஆண்டுக்கு ஒருமுறை முழு ஓட்டச் சோதனை: குறிப்பிட்ட அளவைவிட ஒன்றரை மடங்கு தண்ணீர் தள்ளும்போது அழுத்தம் குறிப்பிட்டதில் 65 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தண்ணீரை வெளியே ஓடவிட வசதி இல்லை என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். கட்டும்போதே சோதனைக் குழாயும் அளவுமானியும் வைத்துவிட்டால் இந்தச் சாக்கு வராது.

பராமரிப்பு ஒப்பந்தம்: இரண்டரை

ஏன் இவ்வளவு குறைவு? பெரும்பாலான ஒப்பந்தங்கள் விற்பது வருகைகளை. எத்தனை முறை ஆள் வருவார் என்று எழுதியிருக்கும், வந்து எதைத் திறந்து எதை அளப்பார் என்று இருக்காது. காலாண்டு அறிக்கையை எடுத்து வைத்துப் பாருங்கள். நான்கு காலாண்டிலும் நிலை அழுத்தம் 7.0, ஓட்ட அழுத்தம் 5.5 என்று புள்ளி மாறாமல் இருந்தால் யாரும் டிரெய்னைத் திறக்கவில்லை. உண்மையான அளவீடு 6.8, 7.1 என்று கொஞ்சம் ஆடும். அலாரம் எத்தனை விநாடியில் அடித்தது என்ற இடத்தில் டிக் மட்டும் இருந்தால் அதுவும் நடக்கவில்லை. நல்ல அறிக்கையில் வால்வு எண், இடம், நிலை, விநாடி, முந்தைய அளவீடு, குறை, குறையின் தரம் எல்லாம் இருக்கும். கேஜை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியதற்கோ சரிபார்த்ததற்கோ தேதி இருக்கும். பழைய ஹெட்களுக்கு மாதிரிச் சோதனை எப்போது என்றும் இருக்கும்: சாதாரண வகைக்கு 50 ஆண்டு, விரைவு வகைக்குப் பழைய பதிப்புகளில் 20, புதியவற்றில் 25. மாதிரி என்பது நான்கு ஹெட் அல்லது ஒரு சதவீதம், எது அதிகமோ அது.

ஒன்றை மிகப் பலர் தவறாக நினைக்கிறார்கள். பராமரிப்புக்கான விதியான என்.எஃப்.பி.ஏ 25-இன்படி செய்யும் பரிசோதனை, ஏற்கெனவே இருக்கும் அமைப்பு வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். உங்கள் சரக்குக்கு அந்த அமைப்பு போதுமா என்று அது பார்ப்பதில்லை. பரிசோதனையில் தேறியதாகப் பச்சை ஒட்டுவில்லை ஒட்டிய அமைப்பு, இரண்டு மடங்கு உயரம் அடுக்கிய கிடங்கைக் காப்பாற்றும் என்று பொருளில்லை. அடுக்கும் உயரமோ பொருளோ மாறினால் வடிவமைப்பை மறுபடி கணக்கிடத் தனியாகப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். பொறுப்பு வரம்பு என்ற பிரிவில், எவ்வளவு நஷ்டம் வந்தாலும் நிறுவனம் தருவது ஆண்டுக் கட்டணத்துக்கோ ஒரு சிறு தொகைக்கோ மேல் போகாது என்று எழுதும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக உண்டு. நிறுவனத்தின்மேல் வேறு யாராவது வழக்குப் போட்டால் அதையும் நீங்களே சுமக்க வேண்டும் என்ற வரியும் கூடவே வரும். கையெழுத்துக்கு முன் உங்கள் இன்சூரன்ஸ்காரரிடமும் வக்கீலிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பேசினால் வரம்பை உயர்த்திக் கொடுப்பார்கள், அல்லது அவர்களுடைய பொறுப்புக் காப்பீட்டின் நகலைத் தருவார்கள். இரண்டுக்கும் மறுத்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.

பொறுப்பு யாருடையது

ஸ்பிரிங்ளர் விதிகளின் வேர் இன்சூரன்ஸ் உலகில் இருக்கிறது. 1874-இல் ஹென்ரி பார்மலி தன் பியானோ தொழிற்சாலையைக் காக்கத் தானியங்கி ஸ்பிரிங்ளருக்குக் காப்புரிமை வாங்கினார். இருபது ஆண்டில் பாஸ்டனைச் சுற்றி நூறு மைலுக்குள் குழாய் அளவுக்கும் ஹெட் இடைவெளிக்கும் ஒன்பது வேறு வேறு விதிகள் முளைத்துவிட்டன. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1896-இல் என்.எஃப்.பி.ஏ உருவானது. இன்று உலகின் பல பகுதிகளில் என்.எஃப்.பி.ஏ 13 அல்லது ஐரோப்பாவின் ஈ.என் 12845, இரண்டில் ஒன்றைத் தழுவியே உள்ளூர் விதிகள் இருக்கின்றன. ஒரே கட்டடத்தில் இரண்டையும் வசதிக்கேற்பக் கலந்து போடும் வடிவமைப்பை ஏற்காதீர்கள்.

என்.எஃப்.பி.ஏ 25 இந்த விஷயத்தில் சுற்றி வளைக்காமல் பேசுகிறது: பரிசோதனைக்கும் பராமரிப்புக்கும் பொறுப்பு கட்டட உரிமையாளர், அல்லது அவர் எழுத்தில் நியமித்தவர். கான்ட்ராக்டரை வைத்ததால் பொறுப்பு கைமாறிவிடாது. கான்ட்ராக்டர் கடமை ஒப்பந்தத்தில் உள்ளதை ஒழுங்காகச் செய்வதும், கண்ட குறையை எழுதித் தருவதும். எழுதித் தந்த குறையை எட்டு மாதம் மேசையில் வைத்திருந்த உரிமையாளருக்கு எதிராக அந்த ஒரு தாளே போதும். ஆகவே குறை அறிக்கை வந்தால் சரிசெய்த தேதியை அதே தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். உடனே முடியாதென்றால் இடைக்கால ஏற்பாட்டை எழுதுங்கள்.

அமைப்பை நிறுத்த வேண்டி வந்தால் 24 மணி நேரத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் போகும் எந்த நிறுத்தத்துக்கும் நடைமுறை உண்டு: ஆட்களை வெளியேற்றுவது, அல்லது காவலர் சுற்றி வருவது, அல்லது தற்காலிகத் தண்ணீர், அல்லது தீப்பொறி வரும் வேலைகளை நிறுத்துவது. தீயணைப்புத் துறைக்கும் இன்சூரன்ஸுக்கும் முன்பே தகவல். மூடிய வால்வில் பெயரும் நேரமும் எழுதிய அட்டை. இந்த அட்டைக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை, ஆனால் ‘திறக்க மறந்துவிட்டோம்’ என்ற பேச்சுக்கே அது இடம் கொடுக்காது. பாலிசியில் ஸ்பிரிங்ளர் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், சொல்லாமல் மூடிய ஒரு வால்வு இழப்பீட்டையே தடுத்துவிடலாம்.

பழைய கட்டடம், விதிவிலக்கு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் இரவு விடுதியில் நடந்ததைப் படிக்க வேண்டும். மேடையில் விட்ட வாணம் சுவரில் ஒட்டிய நுரைப்பொருளில் பற்றி 100 பேர் இறந்தார்கள். அங்கே ஸ்பிரிங்ளர் இல்லை. பிறகு நடந்த சோதனையில், ஸ்பிரிங்ளர் இருந்திருந்தால் உயிர் தப்பும் சூழல் இருந்திருக்கும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் மாதிரி அறை கட்டி எரித்துக் காட்டியது. வழக்குகளில் பல தரப்பும் சேர்ந்து கொடுத்த தொகை சுமார் 17.6 கோடி டாலர். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017-இல் 72 பேர் இறந்த பிறகு, இங்கிலாந்து 2020-இல் புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு ஸ்பிரிங்ளர் கேட்கும் உயரத்தை 30 மீட்டரிலிருந்து 11 மீட்டராக இறக்கியது.

தண்ணீர்ச் சேதத்துக்கும் பொறுப்பு உண்டு. சுவர் ஹெட்டில் சட்டை மாட்டும் ஹேங்கரைத் தொங்கவிட்டு பல்பை உடைப்பது விடுதிகளில் சாதாரணம். நிமிடத்துக்கு 80 லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். அந்த மாடியின் வால்வு எங்கே என்று இரவுக் காவலருக்குத் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் நிற்கும், தெரியாவிட்டால் ஒரு மணி நேரம் ஓடி இரண்டு மாடி நனையும். வால்வு வரைபடத்தை ரைசர் அறைக் கதவிலும் காவலர் மேசையிலும் ஒட்டுங்கள்.

கடைசியாக உதிரி ஹெட் பெட்டி. 300 ஹெட்டுக்குக் குறைவான கட்டடத்துக்கு ஆறு, ஆயிரம் வரை 12, அதற்கு மேல் 24, கூடவே ஸ்பானர், பட்டியல். பெட்டியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஆறும் சிவப்பு, சமையலறைக் கூரையில் இருப்பது பச்சை என்றால், அங்கே ஒரு ஹெட் போன இரவில் மாற்ற ஒன்றும் இருக்காது; அந்த மாடியின் வால்வு மறுநாள்வரை மூடியே கிடக்கும்.